பேச்சுக்குச் சொல்வதும் நிஜமாகச் சொல்வதும்

(நம் கூட்டமைப்பின் கடலூர், சிதம்பரம் பகுதிப் பிரதிநிதிகள் கூட்டத்தில், மாற்றுத்திறன் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று வரும் நம் பணியாளர்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். சாப்பாட்டுக்கு முன்னால் கிடைத்த இந்த நேரத்தில் பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பசி நேரம், அதனால் சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறோம்.

நாங்கள் போகிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற புகார் ஒன்று உண்டு. “சொன்ன பேச்சே கேக்க மாட்டான்ங்க.” கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்து கவனித்தால் தெரியும், அந்தப் பிள்ளை சொன்ன பேச்சை அப்படியே கேட்கிறது. அங்கேதான் சிக்கலே.

“அடுப்புல பால் இருக்கு, பொங்குதான்னு பாத்துக்கடா” என்று சொல்லிவிட்டு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். பையன் அசையாமல் நின்று பார்க்கிறான். பால் பொங்குகிறது, வழிகிறது, அடுப்பே அணைந்து போகிறது. அம்மா வந்ததும் “பொங்கிடுச்சும்மா” என்கிறான். முதுகில் ரெண்டு விழுகிறது. அவன் என்ன தப்பு செய்தான்? பார்க்கச் சொன்னாள், பார்த்தான். “பாத்துக்க” என்றால் பொங்கி வரும்போது அடுப்பைக் குறைக்க வேண்டும் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே பிடிபடுகிறது. இவனுக்குச் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தந்தால் வரும். அதை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்பதுதான் இன்றையப் பேச்சு.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள், பேச்சு வளர்ச்சி தாமதமான பிள்ளைகள் பலருக்கும் இந்தச் சிரமம் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. சிலர் பாட்டு முழுவதும் ஒப்பிப்பார்கள், கணக்குப் போடுவார்கள், ஆனால் “காது குத்துறியா?” என்று கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நாலைந்து வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் அப்படித்தான். பழமொழி புரிய பத்து வயதுக்கு மேலேகூட ஆகும். வித்தியாசம் என்னவென்றால், மற்றப் பிள்ளைகள் தானாகத் தாண்டி வந்துவிடுகிறார்கள். இவர்களுக்கு நாம் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. (பாருங்கள், “கை கொடுக்க” என்பதே அப்படி ஒரு பேச்சுதான்.)

நம் தமிழில் இது எவ்வளவு இருக்கிறது என்று நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது “போறேன்” என்று யாராவது சொல்கிறோமா? சொன்னால் ஆயா வாயிலேயே அடிப்பாள். “வரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா “வரேண்டா கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனால், அவள் வருவாள் என்று பொழுது சாயும்வரை வாசலில் நிற்கிற பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். குழுவிலும் பேசுகிறோமே, “வாயைக் கட்டி வயித்தைக் கட்டி சேர்த்த பணம்”, “கடன் கழுத்தை நெரிக்குது”, “அவளுக்குக் கை நீளம்”, “குழு ஒடைஞ்சு போச்சு”. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற அந்தப் பிள்ளையின் மனசில் என்ன படம் ஓடும்?

அதைவிட மோசம் நாம் திட்டுகிற திட்டு. “காலை ஒடிச்சிடுவேன்”, “தோலை உரிச்சிடுவேன்”, “கண்ணைத் தோண்டிடுவேன்”, “பூச்சாண்டி தூக்கிட்டுப் போயிடுவான்”. நமக்கு இது கோபம் தணிகிற பேச்சு, அடுத்த நிமிஷம் மறந்துவிடும். சொன்னதை சொன்னபடியே எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு இது நிஜமாக நடக்கப்போகிற காரியம். ராத்திரி தூங்காமல் அலறுகிறது என்று மந்திரிக்க அழைத்துப் போவதற்கு முன்னால், பகலில் அதன் காதில் என்ன விழுந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இது நம் ஊரில் மட்டும் உள்ளது இல்லை. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஆட்டிசம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதில் முதல் பிள்ளை டொனால்ட். அவனுடைய அப்பா, “‘ஆமாம்’னு சொல்லு, உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லி ‘ஆமாம்’ சொல்லப் பழக்கினார். பழகியது. ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கு ‘ஆமாம்’ என்றால் ‘தோளில் தூக்கு’ என்று மட்டும்தான் அர்த்தம்! சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ‘ஆமாம்’ வராது, தூக்க வேண்டுமென்றால்தான் வரும். ஒரு சொல்லுக்கு ஒரே இடம், ஒரே பொருள். அந்த டொனால்ட் பிற்பாடு கல்லூரி படித்தார், தன் ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், தனியாக வெளிநாடுகளெல்லாம் சுற்றினார். 89 வயதுவரை வாழ்ந்து 2023இல்தான் காலமானார். “இவன் என்னத்துக்கு ஆகப்போறான்” என்று நம் தெருவில் யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, கற்றுத் தர முடியும் என்பதற்கு என்ன ஆதாரம்? 2005இல் இங்கிலாந்தில் நார்பரி என்ற ஆராய்ச்சியாளர், பேச்சுக் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளிடம் உவமைப் பேச்சு புரிகிறதா என்று பார்த்தார். சொற்களின் பொருள் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்குத்தான் உவமையும் நன்றாகப் புரிந்தது. அதாவது, கல் கடினமானது என்று தொட்டுத் தெரிந்த பிள்ளைக்குத்தான் “தோசை கல்லு மாதிரி இருக்கு” என்பது விளங்கும். பிறகு 2012இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள மூன்று சின்னப் பிள்ளைகளுக்கு, ஒன்றுக்குப் பல உதாரணம் காட்டி உவமையைக் கற்றுத் தந்து பார்த்தார்கள். பழக்காத புதிய உவமைகளுக்கும் அந்தப் பிள்ளைகள் பொருள் சொன்னார்கள். மூன்று பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும் “இதெல்லாம் இவனுக்கு வராது” என்ற பேச்சுக்கு அது பதில்.

வழி என்ன என்று பார்த்தால், அது நம் தமிழிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே ஒரு தனி இயல் உண்டு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவது நான்கு வகையால் என்று அதில் பிரித்திருக்கிறார்கள்: வினை, பயன், மெய், உரு. நம் பேச்சில் சொன்னால், செய்கிற வேலை, கிடைக்கிற பலன், வடிவம், நிறம். “மான் மாதிரி ஓடுறா” என்றால் வேலை. “மழை மாதிரி கொடுத்தார்” என்றால் பலன். “கண்ணு முட்டை மாதிரி” என்றால் வடிவம். “மை மாதிரி இருட்டு” என்றால் நிறம். பெரிய புலவர்களுக்கு வைத்த இலக்கணம் நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொருந்தும் என்று நாங்களும் நினைக்கவில்லை. “அக்கா மான் மாதிரி ஓடுறா” என்றதும் பிள்ளை, அக்காவுக்குக் கொம்பு எங்கே என்று தேடும். அப்போது கேளுங்கள்: “மான் என்ன பண்ணும்? வேகமா ஓடும். அக்கா என்ன பண்றா? வேகமா ஓடுறா. ரெண்டுலயும் எது ஒண்ணு?” நிறமா, வடிவமா, வேலையா, பலனா என்று நாலு விரலை நீட்டி, ஒவ்வொன்றாக மடக்கிக் கேட்கலாம். பொருந்தாததை மடக்கிவிட்டால் பொருந்துவது நிற்கும்.

பண்ருட்டிப் பக்கத்து அக்காமார்களுக்கு நாங்கள் சொல்வது பலாப்பழம். “அந்த வாத்தியார் பலாப்பழம் மாதிரி” என்று வாயால் மட்டும் சொன்னால் பிள்ளைக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. பழத்தை முன்னால் வையுங்கள். தோலைத் தடவச் சொல்லுங்கள், குத்தும். அறுத்துச் சுளையை வாயில் போடுங்கள், இனிக்கும். “வெளியே எப்படி இருந்துச்சு? உள்ளே எப்படி இருந்துச்சு?” பதில் வந்த பிறகு, “வாத்தியார் வெளியே சத்தம் போடுவார், உள்ளே நல்லவர். யார் மாதிரி?” என்று கேளுங்கள். ஒரு பழத்துக்கு ஒரு பாடம். சீசன் முடிவதற்குள் பிடித்துக்கொள்ளும். மீதிச் சுளையை நமக்கும் வைத்தால் நாங்கள் வேண்டாமென்று சொல்ல மாட்டோம்.

எதை முதலில், எதைப் பிறகு? “மாதிரி”, “போல” என்று வெளிப்படையாக வருகிறதை முதலில். அதற்குப் பிறகு வீட்டில் தினமும் புழங்குகிற சொல்வழக்கு: காதுல போட்டு வை, வாயை மூடு, பல்லைக் கடிச்சுக்கோ. பழமொழி கடைசியில். அதிலும் அர்த்தத்தை ஓரளவு ஊகிக்க முடிகிறது எளிது. “வயித்தெரிச்சல்” என்பதை விளக்கிவிடலாம். “கம்பி நீட்டிட்டான்”, “அல்வா கொடுத்துட்டான்” என்பதற்கு என்ன விளக்கம் சொல்வது? நமக்கே தெரியாது. அதை அப்படியே மனப்பாடமாகத்தான் தர வேண்டும். இன்னும் பேச்சே வராத பிள்ளையிடம் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். அதற்கு முதலில் தண்ணி, சோறு, வலி, வேண்டாம் என்கிற சொற்கள் வரட்டும், அல்லது படத்தைக் காட்டிக் கேட்கப் பழகட்டும்.

வாரத்துக்கு ஒரே ஒரு பேச்சு போதும். நம் குழுக் கணக்கு நோட்டில் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போடுகிறோம் அல்லவா, அதே மாதிரி பத்து ரூபாய் நோட்டு ஒன்றில் கோடு போடுங்கள். இந்தப் பக்கம் ‘சொன்னது’, அந்தப் பக்கம் ‘அர்த்தம்’. “வாயை மூடு” என்று எழுதி, கையால் வாயைப் பொத்துகிற படம் போட்டு அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. அந்தப் பக்கம் பேசாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கிற படம். எழுத்து தெரியாத அம்மா படம் மட்டும் போட்டால் போதும், அண்ணனோ அக்காவோ எழுதட்டும். அந்த வாரம் முழுக்க அந்தப் பேச்சை அம்மாவும் சொல்ல வேண்டும், ஆயாவும் சொல்ல வேண்டும், அங்கன்வாடி டீச்சரும் சொல்ல வேண்டும். அம்மா சொன்னால் மட்டும் புரிந்து மற்றவர் சொன்னால் புரியாது என்றால் அது டொனால்டின் ‘ஆமாம்’ மாதிரி ஆகிவிடும்.

இதில் எல்லாவற்றையும்விட உபயோகமான பாடம் ஒரு கேள்வி. “இது பேச்சுக்குச் சொல்றதா, நிஜமா சொல்றதா?” இந்த ஒரு வரியை பிள்ளைக்குப் பழக்கிவிடுங்கள். தமிழில் இருக்கிற அத்தனை சொல்வழக்கையும் நோட்டில் எழுத நம்மால் ஆகாது. கேட்கத் தெரிந்த பிள்ளை நாம் பக்கத்தில் இல்லாதபோதும் சமாளிக்கும். அது கேட்கும்போது யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் மறுபடி கேட்காது.

பெரிய பிள்ளை என்றால் சிதம்பரத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. “அது என்ன சிதம்பர ரகசியமா?” என்று பேசுகிறோம். கோயிலுக்கு அழைத்துப் போங்கள். நடராஜர் சன்னதிக்குப் பக்கத்தில் திரை விலக்கிக் காட்டுகிற இடத்தில் உருவம் ஒன்றும் இருக்காது. பொன்னால் ஆன வில்வ மாலைதான் தொங்கும், வெட்டவெளியே சாமி என்று காட்டுகிறார்கள். “திரைக்குப் பின்னாடி இருந்துச்சு, அதனால யாருக்கும் தெரியல. யாருக்கும் தெரியாம வச்சிருக்கறதை இப்படிச் சொல்வாங்க” என்று அங்கேயே சொன்னால், கண்ணால் பார்த்தது நிற்கும்.

இனி கொஞ்சம் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறோம். சில இடங்களில் சுற்றி வளைத்துப் பேசவே கூடாது.

முதலாவது ஆபத்து நேரம். நம் மாவட்டத்துக்குப் புயல் புதிதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியது. 2024இல் ஃபெஞ்சல் வந்து போன வெள்ளத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. டிவியில் “புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது” என்றால் கிளிக் கூண்டைத் தேடுகிற பிள்ளை உண்டு. “புயல் கரையைக் கடக்கும்” என்றால் புயலுக்குக் கால் உண்டா என்று கேட்கிற பிள்ளை உண்டு. (துறைமுகக் கம்பத்தில் நிஜமாகவே கூடை மாதிரி ஒன்றை ஏற்றுவார்கள், அதிலிருந்து வந்த பேச்சு அது.) அந்த நேரத்தில் “வானம் பொத்துக்கிச்சு, எல்லாம் போச்சு” என்று பிள்ளை முன்னால் புலம்பாதீர்கள். “பெரிய காத்து வரும். மழை வரும். நாம ஸ்கூலுக்குப் போய்த் தங்கப் போறோம். பையை எடு. என் கையைப் பிடி.” ஒரு வாக்கியம், ஒரு வேலை. மழைக்காலத்துக்கு முன்னாலேயே ரெண்டு தடவை ஒத்திகை பார்த்து வையுங்கள்.

இரண்டாவது சாவு. “தாத்தா சாமிகிட்ட போயிட்டாரு”, “தூங்குறாரு” என்று சொல்கிறோம். சாமியிடம் போனவர் எந்த பஸ்ஸில் திரும்பி வருவார் என்று அந்தப் பிள்ளை காத்திருக்கும். தூங்குகிறார் என்று சொன்னால் அதற்குப் பிறகு படுக்கவே பயப்படும். “தாத்தா செத்துட்டாரு. இனிமே மூச்சு விட மாட்டாரு, வர மாட்டாரு. நமக்கு அழுகை வரும்” என்று சொல்வது கேட்கக் கடுமையாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அதுதான் இதமானது.

மூன்றாவது உடம்பு. இதைச் சொல்லும்போது சிலர் தலையைக் குனிந்துகொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறோம். “வீட்டுக்குத் தூரம்”, “பெரியவளாயிட்டா” என்றெல்லாம் மறைத்துப் பேசினால், குறைபாடுள்ள நம் பெண் பிள்ளைக்கு தன் உடம்பில் ரத்தம் வருவது எதனால் என்று தெரியாது. அடிபட்டதாக நினைத்துக் கத்தும். வயது வருவதற்கு முன்பே துணியைக் காட்டி, மாதா மாதம் ரத்தம் வரும், இங்கே வைக்க வேண்டும், அம்மாவிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். அதேபோல உடம்பின் எல்லா உறுப்புக்கும் பெயர் சொல்லித் தாருங்கள். “அங்க”, “கண்ட எடத்துல” என்று மட்டும் தெரிந்த பிள்ளையிடம் ஒருவன் தப்பாக நடந்துகொண்டால், அது யாரிடம் என்னவென்று சொல்லும்? “யாராவது வம்பு பண்ணாங்களா?” என்று நாம் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும், ஏனென்றால் வம்பு என்பது அதற்குச் சண்டை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் போல இவர்களையும் காக்கிறது, 1098 என்ற எண்ணுக்கு எப்போதும் போன் செய்யலாம். ஆனால் சட்டம் வேலை செய்ய, நடந்ததை அந்தப் பிள்ளை சொல்ல வேண்டும். அதற்குச் சொல் வேண்டும். ஆண் பிள்ளை வைத்திருப்பவர்களும் இது நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று. ஒரு பள்ளியில் “இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதே” என்று டீச்சர் திட்ட, பையன் “நான் படுக்கலையே டீச்சர், நின்னுட்டுதான் இருக்கேன்” என்று சொல்லி, எதிர்த்துப் பேசினான் என்று அடி வாங்கி வந்தான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி எந்தப் பிள்ளையையும் பள்ளியில் அடிக்கக் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது. ஆனால் சண்டைக்குப் போவதற்கு முன்னால் அந்த நோட்டைக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டுங்கள். பெரும்பாலான டீச்சர்களுக்கு இது தெரியாததால்தான் கோபம் வருகிறது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார், அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு இன்னும் பரிசோதனையே செய்யவில்லை என்றால், அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் வருகின்றன. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு மூன்றும் அதில் உண்டு. அடையாள அட்டைக்கு கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மனு எழுத நாங்கள் உடன் வருகிறோம்.

கடைசியாக, இந்தப் பிள்ளைகளும் தங்களுக்கென்று உவமை பேசுகிறார்கள். அதை நாம்தான் கவனிப்பதில்லை. டாக்டர் கானர் பார்த்த பிள்ளைகளில் பால் என்று ஒருவன், எதையாவது தூக்கி எறியத் தோன்றும்போதெல்லாம், நாயை மாடியிலிருந்து போடாதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். அங்கே நாயும் இல்லை, மாடியும் இல்லை. கேட்கிறவர்களுக்கு உளறலாக இருந்தது. விசாரித்தால், மூன்று வருஷம் முன்னால் லண்டனில் ஒரு ஹோட்டல் மாடியிலிருந்து பொம்மை நாயைத் திரும்பத் திரும்பக் கீழே போட்டிருக்கிறான். எடுத்து எடுத்து அலுத்துப்போன அம்மா சொன்ன பேச்சு அது. அவனுக்கு அந்த வரிக்கு ‘எறியாதே’ என்று பொருள். 1946இல் கானர் இதைப் பற்றித் தனியாகவே எழுதினார். சம்பந்தம் இல்லாத பேச்சாகத் தெரிவது, அது எங்கே தொடங்கியது என்று தெரிந்தால் சம்பந்தம் உள்ளதாகிவிடும் என்றார். எங்கே தொடங்கியது என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலும் அம்மாவுக்குத்தான். டாக்டருக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது.

அதனால் அந்த நோட்டைத் திருப்பி, பின் அட்டையிலிருந்தும் எழுத ஆரம்பியுங்கள். இந்தப் பக்கம் பிள்ளை சொன்னது, அந்தப் பக்கம் அதற்கு அர்த்தம், எந்த நாள் எங்கே கேட்டது. “பஸ்ஸு பஞ்சர்” என்று அது சொன்னால் கால் வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், பள்ளியில் யாருக்கும் தெரியாது. ஒரு நகல் டீச்சருக்கு, ஒரு நகல் ஆயாவுக்கு.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நோட்டைக் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் அழைத்து வரலாம், பின் அறையில் பாய் விரித்து வைக்கிறோம், பார்த்துக்கொள்ள நாங்கள் ரெண்டு பேர் இருப்போம். இப்போது சாப்பிடப் போகலாம், சாம்பார் ஆறுகிறது.